எண்ணெய் ஏறாத எள்: ஒரு நெய்வேலிப் பயணம்

நெய்வேலிக்குப் போகிறோம், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று இந்த வலைப்பூவில் அடிக்கடி யாராவது கேட்கிறீர்கள். சுரங்கம் இருக்கிறது, புகைபோக்கிகள் இருக்கின்றன, நிழல் விழுந்த நேர்நேரான வீதிகள் இருக்கின்றன. ஒரு நாளில் பார்த்துவிடலாம். ஆனால் எனக்கு நெய்வேலி என்றால் எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போன ஒரு மே மாதப் பயணம்தான். அதை எழுதாமல் மற்றதை எழுத வரவில்லை. அன்றைக்குச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எள்ளுக்காகப் போனேன்.

அப்போது நான் மதுரையில் ஆய்வு மாணவி. எள்ளுக் காய்க்குள் எண்ணெய் எப்போது வந்து சேர்கிறது, சேர்ந்த பிறகு எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு. "இதுக்கெல்லாமா படிப்பு?" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தது தனிக் கதை. பூ உதிர்ந்து காய் பிடித்த முதல் நாட்களில் விதைக்குள் தண்ணீரும் இனிப்பும்தான் இருக்கும். நசுக்கினால் பால் வரும். இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் செடி அந்த இனிப்பை எண்ணெயாக மாற்றத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கி, ஒவ்வொரு துளிக்கும் மெல்லிய தோல் போர்த்தி, ஒன்றோடொன்று கலக்காமல் விதைக்குள் அடுக்குகிறது. நாளாக ஆக எண்ணெயின் குணமும் மாறும். பிஞ்சில் எடுத்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், முற்றியதில் எடுத்தது நிற்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் தண்ணீர் வற்றி, தோல் கருத்து, விதை தூங்கப் போகும்.

இந்த எண்ணெய் நமக்காக வைத்தது இல்லை. மண்ணில் விழுந்த விதை முளைத்து, இலை விட்டு, சொந்தமாகச் சம்பாதிக்கும் வரை சாப்பிட வேண்டிய கட்டுச்சோறு அது. நாம்தான் அதை ஆட்டித் தோசைக்கு ஊற்றிக்கொள்கிறோம்.

நெய்வேலியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. என் அண்ணன் அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் சாப்பாடும் படுக்கையும் இலவசம். அதோடு, அவருடன் ஒரே ஷிப்டில் இருந்த கலியபெருமாள் உள்ளூர்க்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்து விளிம்பை ஒட்டிய கிராமத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் கறுப்பு எள் போட்டிருந்தார்கள். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர்ப்பலகை நட அங்கே இன்றைக்கு மண் இல்லை.

முதலில் ஏப்ரலில் போனேன். எள்ளு பூக்கத் தொடங்கிய நேரம். பூ எந்த நாளில் மலர்ந்தது என்று தெரிந்தால்தான் காயின் வயது தெரியும். அதனால் ஒவ்வொரு பூக்காம்பிலும் நூல் கட்டினேன். முதல் வாரத்துப் பூவுக்குச் சிவப்பு நூல், அடுத்த வாரத்துக்கு மஞ்சள். கலியபெருமாளின் மனைவி அஞ்சலை அக்கா கூடவே குனிந்து வந்து நூல் வெட்டிக் கொடுத்தார். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கலியபெருமாள் ஷிப்டு முடிந்து வந்து தூங்குவதோடு சரி. மே மாதம் வந்து நூல் கட்டிய செடிகளை எடுத்துக்கொள்கிறேன் என்று பேச்சு. "ஒன்னுது ஒன்னுதுதான் பாப்பா, யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார் அஞ்சலை அக்கா.

நூல் கட்டிய இடம் எது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாசியில் அவர்கள் விதைத்த மறுநாளே பருவம் தப்பிய ஒரு மழை. மேல்மண் பொருக்குக் கட்டி, எள்ளுமுளை வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்துப்போனது. மேட்டுப்பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் தப்பியது. மீதி நிலம் முழுவதையும் உழுது, வீட்டில் இருந்த கடைசி விதையையும் வழித்துப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி விதைத்தார்கள். நான் ஏப்ரலில் போனபோது பூத்திருந்தது அந்த மேட்டுத் துண்டு மட்டும்தான். என் நூல்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

இனி மே மாதப் பயணம். மதுரையில் இரவு ரயில் ஏறினேன், மீட்டர் கேஜ், மர இருக்கை. விடியற்காலை ஐந்தரைக்கு விருத்தாசலம். ஸ்டேஷன் வாசலில் காபி நாற்பது காசு, குடிக்கலாம் என்ற தரம். அங்கிருந்து நெய்வேலி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய் என்று நினைவு. வழி நெடுக முந்திரித் தோப்பு, சிவப்பு மண். மந்தாரக்குப்பம் நெருங்கும்போது இடது பக்கம் ஒரு மலை தெரியும். அது மலை இல்லை, சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேடு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதை மலை என்றுதான் நினைப்பார்கள், நானும் ஏப்ரலில் நினைத்தேன்.

ஏழு மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் இரவு ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். முகம் கழுவக்கூட இல்லை. "நீ லேட்டும்மா. கலியபெருமாள் ஊர்ல இன்னைக்கு லாரி வருது. காலி பண்றாங்க" என்றார்.

சுரங்கத்துக்காக அந்த ஊரைக் காலி செய்ய வேண்டும் என்பது புதிய செய்தி இல்லை. இரண்டு வருடமாகப் பேச்சு நடந்தது. ஒரு தேதி சொல்வார்கள், தேதி வரும், ஏதோ ஒன்று தயாராகாமல் தள்ளிப்போகும். அவ்வளவு பெரிய வேலையில் அது சகஜம், யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. முதல் இரண்டு முறையும் ஊர்க்காரர்கள் தேதியை நம்பி நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். ஊரும் நகரவில்லை, விளைச்சலும் போனது. மூன்றாவது முறை தேதி வந்தபோது, "இதுவும் தள்ளிப் பூடும்" என்று பேசிக்கொண்டே விதைத்தார்கள். மூன்றாவது தேதி தள்ளிப்போகவில்லை.

வாடகை சைக்கிள் மணிக்கு ஐம்பது காசு. அண்ணன் தூங்காமல் கூடவே வந்தார், பாவம். டவுன்ஷிப் எல்லை தாண்டினால் நிழல் முடிந்துவிடும். கத்திரி வெயில். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் கரையோடு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். வாய்க்காலில் எந்தக் கோடையிலும் தண்ணீர் ஓடும். அந்தப் பக்கத்து விவசாயிகள் மழையை எதிர்பார்க்காமல் விதைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்குள் நுழைந்தபோது பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஓட்டைப் பிரித்துக் கட்டி வைத்திருந்தார்கள். கைமரங்கள் தெருவில் கிடந்தன. ஒரு வீட்டில் சுவர் மட்டும் நின்றது, உள்ளே அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி கஞ்சியை இறக்கிவிட்டுத்தான் போவேன் என்று லாரிக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. எல்லோரும் வேகமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கலியபெருமாள் கயிற்றுக் கட்டிலை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே லாரி, இரண்டு குடும்பத்துச் சாமான். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அஞ்சலை அக்காவின் அண்ணன் ஊரில் அரைக் காணி புன்செய் வாங்கியிருந்தார்கள், அங்கேதான் போகிறார்கள். "கொல்லையிலதான் இருக்கா. எள்ளப் புடுங்கிக்கினு நிக்கறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கறதாக் காணோம்" என்றார் எங்களிடம். அவர் குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது.

கொல்லை என்றால் அந்தப் பக்கம் புன்செய் நிலம். அங்கே அஞ்சலை அக்காவும் தெருப் பெண்கள் ஐந்தாறு பேரும் எள்ளுச் செடிகளை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் எள்ளை அடிக்காய் பழுத்ததும் அறுத்துப் போராக அடுக்கி மூடிவைப்பது வழக்கம். போருக்குள் ஒரு வாரம் இருந்தால் மேல்காயும் ஓரளவு முற்றிவிடும். அந்தக் கணக்கில்தான் அவர் செடியோடு கொண்டுபோகப் பார்த்தார். வேர்ப்பக்கத்தை ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார்கள். பிடுங்கிய பிறகும் தண்டில் இருக்கிறதை வைத்துக் காய் இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்ற யோசனை. யோசனை தப்பில்லை.

என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு செடியை நீட்டினார்.

"இது வெதைக்கு ஆவுமா பாப்பா? நீ படிச்சிருக்கியே, பாத்துச் சொல்லு."

"எண்ணெய்க்கா அக்கா, விதைக்கா?"

"எண்ணெ யாருக்கு வேணும். வெதைக்குத்தான். வூட்ல ஒரு புடி எள்ளு இல்ல, எல்லாத்தயும் ரெண்டாந்தரம் இதுலயே போட்டாச்சு. ஆடி பொறந்தா அந்தக் கொல்லையில எத வெதைக்கிறது?"

கடையில் வாங்கலாமே என்றேன். பக்கத்தில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தனலட்சுமிதான் பதில் சொன்னார். "முந்தி ஒரு தரம் நாங்க பண்ருட்டில வாங்கியாந்து வெதைச்சமே. ஆட்டறதுக்கு வச்சிருந்த பழைய எள்ளு. முக்காவாசி மொளைக்கவே இல்ல. சும்மா கெடந்துச்சு கொல்ல."

என் பையில் வடிதாள் இருந்தது, ஆய்வகத்தில் திரவம் வடிகட்டும் தாள். பிடுங்கிய செடியின் அடிக்காயைப் பிளந்தேன். விதை வெளுப்பாக, மெத்தென்று இருந்தது. தாளில் வைத்து நகத்தால் நசுக்கினேன். ஈரக்கறை ஒன்று விழுந்தது. வெயிலில் பிடித்தேன். மே மாத வெயில், சீக்கிரமே காய்ந்துவிட்டது. தாள் பழையபடி வெள்ளையாக ஆனது. தண்ணீர். பால். எண்ணெய் அந்தக் காய்க்கு இன்னும் வந்து சேரவில்லை. இன்னொரு செடி, இன்னொரு கட்டு, எல்லாம் அப்படியேதான். ஒன்றிரண்டில் மட்டும் கறையின் விளிம்பில் லேசாக ஒரு மினுக்கு தெரிந்தது.

அஞ்சலை அக்கா தாளைப் பார்த்தார். என்னைக் கேட்கவே இல்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் வாயால் சொல்ல வேண்டியது என் கடமை. "அக்கா, இது முளைச்சாலும் நிக்காது. இன்னும் இருபது நாள் செடியில இருந்திருக்கணும். உள்ள சாப்பாடு இல்லாம மண்ணுக்குள்ள போகுது" என்றேன்.

"சரி" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டைக் கட்டத் தொடங்கினார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஆகாது என்று சொன்ன பிறகும் எதற்கு இந்த வெயிலில் இந்தப் பாடு என்று.

அப்போதுதான் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நிலம் முழுவதும் மொட்டையாகிவிட்டது. அந்த மூலையில் மட்டும் ஏறக்குறைய நாற்பது செடிகள் அப்படியே நின்றன. அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. கீழ்க்காய்கள் பழுப்பேறி, நுனி பிளக்கத் தயாராக இருந்தன. சிவப்பும் மஞ்சளுமாக என் நூல்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டாம் விதைப்பில் முளைத்த, நூல் இல்லாத செடிகளைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள். நூல் கட்டியதை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

போய் ஒரு காயைப் பிளந்தேன். விதை கறுத்திருந்தது. தாளில் நசுக்கி வெயிலில் பிடித்தேன். கறை காயவில்லை. தாளின் அந்த இடம் கண்ணாடி போல ஆகி, பின்னால் இருந்த என் விரல் தெரிந்தது. அந்த ஊரில் அன்றைக்கு எண்ணெய் ஏறிய எள் என்றால் அந்த நாற்பது செடிதான்.

"இத ஏன்க்கா விட்டுட்டீங்க? இதுதான் விதை" என்றேன்.

தனலட்சுமிதான் மறுபடி பேசினார். "கட்டுனதாச்சேம்மா அது. கட்டுனத நாங்க தொட மாட்டோம்."

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மாடு காணாமல் போய்விட்டது என்றால் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பலாமரத்தில் ஒரு காய்க்கோ, கோழிக்காலிலோ மஞ்சள் நூல் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அது அம்மனுடையது. கட்டியவர் வந்து அவிழ்க்கும்வரை வீட்டுக்காரர்கள்கூடத் தொட மாட்டார்கள். பசியோடு இருந்தாலும் அந்தப் பலாக்காயைப் பறிக்க மாட்டார்கள். மஞ்சள் நூலைப் பார்த்த பெண்கள் யாரும் சொல்லாமலே ஒதுங்கிப் பிடுங்கியிருக்கிறார்கள்.

நான் அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். அவருக்கு என் நூல் எதற்கென்று நன்றாகத் தெரியும். அவர்தானே வெட்டிக் கொடுத்தார்.

"நேர்த்திக்கடன் இல்லன்னு நீங்களாவது சொல்லக்கூடாதாக்கா?"

"எனக்குத் தெரியும் பாப்பா. அம்மனுக்குக் கட்டல, ஒன் படிப்புக்குக் கட்டுன. ரெண்டும் கட்டுனதுதான். ஒன்னுது ஒன்னுதுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். சொல்லிட்டு இப்ப எனக்கு வேணுங்கறதால எடுத்துக்கினா என்னா பொழப்பு அது."

அவர் குரலில் எந்த வருத்தமும் காட்டவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் நிலைமையையும் சொல்கிறேன். அந்தச் செடிகள் இல்லாவிட்டால் எனக்கு அந்தப் பருவம் இல்லை. ஏப்ரலில் எடுத்துப்போன பிஞ்சுகள் ஆய்வகத்தில் தயாராக இருந்தன. முற்றிய காயும் வந்தால்தான் பிஞ்சிலிருந்து முதிர்வு வரை ஒரே நிலத்தில் எண்ணெய் எப்படி ஏறியது என்று காட்ட முடியும். செடிகளைக் கொண்டுபோனால் விதையை அரைத்து, ஈதரில் கரைத்து, எண்ணெயைப் பிரித்து எடை போடுவேன். மிஞ்சுவது சக்கை. பாதியை எடுத்துக்கொண்டு பாதியைக் கொடுக்கலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நாற்பது செடி விதை அரைக் காணிக்குக் காணவே காணாது, அதில் பாதி எதற்கு ஆகும். மனசு வரவில்லை. எதற்கு மனசு வரவில்லை என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெளிவாக இல்லை. அண்ணன் வரப்பில் உட்கார்ந்து, தூக்கம் நிறைந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

முதல் செடி முன்னால் குந்தி, அடிக்காயின் காம்பில் இருந்த சிவப்பு நூலை அவிழ்த்தேன்.

நூலை அவிழ்த்துவிட்டால் அந்தக் காயின் வயது போய்விடும். எந்த வாரத்துப் பூ என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. என் கையாலேயே என் வேலையைக் கலைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான் அவிழ்த்தேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். முடிச்சுகள் வெயிலில் இறுகியிருந்தன. கத்தரித்தால் சுலபமாக முடியும், கத்தரிக்கோலும் பையில் இருந்தது. ஆனால் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றிருந்தார்கள். கட்டியதை அவிழ்க்கத்தான் வேண்டும், அறுக்கக் கூடாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காய் உலுங்கினால் விதை கொட்டிவிடும் என்று தனலட்சுமி கீழே தன் முந்தானையை விரித்துப் பிடித்தார். நூல் எல்லாம் அவிழ்ந்த செடியை மட்டும் அஞ்சலை அக்கா பிடுங்கினார். கடைசிச் செடிக்கு வரும்போது லாரிக்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்துவிட்டார்.

லாரியில் இடம் இல்லை. எள்ளைப் படுக்கப் போட முடியாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் அத்தனையும் வழியிலேயே கொட்டிவிடும். கலியபெருமாள் வந்து கட்டுகளைப் பார்த்தார். அஞ்சலை அக்கா வடிதாளை அவர் கையில் கொடுத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார். கலியபெருமாள் மேலே ஏறி, அத்தனை நேரம் பாடுபட்டு ஏற்றிக் கட்டிய கட்டிலை அவிழ்த்துக் கீழே இறக்கினார்.

"ஏன்டா, கட்டில வுட்டுட்டுப் போறியா?" என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்டார்.

"தரையில படுத்தா தூக்கம் வராதா" என்றார்.

பிடுங்கிய பச்சைக் கட்டுகளையும் அவர் விடவில்லை. மாட்டுக்காவது ஆகும் என்று ஓரத்தில் திணித்தார். மேட்டுத்துண்டுச் செடிகள் மட்டும் ஈரச் சாக்கில், கட்டில் இருந்த இடத்தில், நிமிர்ந்து நின்றபடி போயின. அஞ்சலை அக்கா அவற்றைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஊரைத் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. லாரி கிளம்பிய புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கட்டில் தெருவில் அப்படியே கிடந்தது. நானும் அண்ணனும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் வரை நடந்தோம்.

இரண்டு நாள் கழித்து மதுரை திரும்பினேன். என் ஆய்வேட்டில் நெய்வேலி எள்ளுக்கான வரைபடம் பாதியில் நிற்கும். கோடு ஏறத் தொடங்குகிற இடத்தில் முடிந்துவிடும். வழிகாட்டிப் பேராசிரியர் "மீதிக் கோடு எங்கம்மா?" என்று கேட்டார். "விதைக்கக் கொடுத்துட்டேன் சார்" என்றேன். அவர் அடுத்த வருடம் வேறு ஊரில் முழுவதையும் மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன், பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். விருத்தாசலத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பது இன்றைக்கும் வசதி. பண்ருட்டி, வடலூர் வழியாகவும் அடிக்கடி பேருந்து உண்டு. சித்திரை, வைகாசியில் போனால் பலாப்பழம் சாப்பிடலாம், ஆனால் வெயிலுக்குத் துணிந்து போக வேண்டும், தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தை நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது, முன்கூட்டியே விசாரித்து அனுமதி வாங்குங்கள். விளிம்பில் நின்று பார்க்கும்போது அந்த ஆழம் பிரமிப்பாக இருக்கும், படம் எடுக்கத் தோன்றும். பக்கத்தில் நிற்கிற பணியாளரிடம் "இங்கே முன்னால் என்ன இருந்தது?" என்று சும்மா கேட்டுவிடாதீர்கள். அவருடைய வீடே அங்கே இருந்திருக்கலாம். அவராகச் சொன்னால் நின்று கேளுங்கள். அந்தச் சுரங்கத்தின் மின்சாரத்தில்தான் என் ஆய்வகத்துத் தராசும் விளக்கும் ஓடின, அதனால் யாரையும் பழித்துப் பேச எனக்கு உரிமை இல்லை. கட்டுச்சோறு இல்லாமல் யாரையும் கிளப்பக் கூடாது என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

அஞ்சலை அக்காவை அடுத்த வருடம் வைகாசியில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆடியில் அந்த விதையைக் கொல்லையின் ஒரு மூலையில் மட்டும் விதைத்தார்களாம். நன்றாக முளைத்தது. விளைந்ததில் ஒரு மணியையும் வெளியே கொடுக்காமல் மறுபடி மாசியில் கொல்லை முழுக்க விதைத்திருந்தார்கள். நான் போன அன்று அறுப்பு முடிந்து, எள் வாசலில் குவிந்திருந்தது. அடுப்படியில் பார்த்தேன், தாளிப்பதற்குக் கடையில் வாங்கிய மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய்தான் இருந்தது. "நல்லெண்ணெ ஆட்டலயாக்கா?" என்றேன். "தீவாளிக்குத் தலைக்கு வைக்கக்கூட ஆட்டல. வெத மொதல்ல" என்றார்.

வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டி என்று எங்கெங்கோ சிதறிப்போனவர்கள், பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். தனலட்சுமியும் இருந்தார். அஞ்சலை அக்கா ஆளுக்கு ஒரு படி அளந்து போட்டார். யார் முதலில் வந்தார்கள் என்று பார்த்து அளக்கவில்லை. பழைய தெருவில் கிழக்கிலிருந்து எந்த வீடு முதலோ அந்த வீட்டுக்காரிக்கு முதலில், பிறகு அடுத்த வீட்டுக்கு. யாரும் வரிசை சொல்லவில்லை, அவரவர் முறை வந்ததும் எழுந்து வந்து மடியைப் பிடித்தார்கள். நடுவில் ஒரு வீட்டின் முறை வந்தபோது எழுந்திருக்க யாரும் இல்லை. அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அஞ்சலை அக்கா கொஞ்ச நேரம் படியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்களுடைய எள்ளையும் தலைதட்டி அளந்து, ஒரு துணியில் முடிந்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அடுத்த வீட்டுக்கு அளந்தார்.